காலை நாலரை மணிக்குக் கதவைத் தட்டும் அம்மா

அரைச்சாமி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவன், எழுதுவது குறைவு. இன்றைக்கு மனசு சரியில்லாமல் எழுதுகிறேன்.

பதினோரு வருஷமாகக் காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் உட்காருகிறேன். ரமணர் சொன்ன 'நான் யார்' விசாரம்தான், அதாவது அந்தக் கேள்வியை உள்ளுக்குள் கேட்டுத் தேடுவது. சொல்லிக்கொள்ளும்படி அனுபவம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்கே எனக்கானது. போன ஆவணியில் அம்மாவை எங்களோடு அழைத்து வந்தோம். வயது 78. ஞாபகம் பிசக ஆரம்பித்திருக்கிறது. சரியாக நான் கண்ணை மூடியதும் கதவைத் தட்டுவாள். "பால்காரன் வந்துட்டானா?" என்பாள். இன்னும் வரவில்லை என்று சொல்லிப் படுக்கவைத்துவிட்டு வருவேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும் அதே கேள்வி.

போன வெள்ளிக்கிழமை கத்திவிட்டேன். நன்றாகவே கத்திவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய், ராத்திரி தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பதினோரு வருஷம் உட்கார்ந்து நான் சம்பாதித்தது இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. பகவான் ரமணர் பதினாறு வயதில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனாரே, அதுதான் சரியான வழியோ? உறவுகளுக்கு நடுவில் இருந்துகொண்டு இதெல்லாம் நடக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சும்மாயிரு_77

எல்லாம் மாயை சார். அம்மாவும் மாயைதான். நீங்கள் உங்கள் தியான சாதனையைப் பாருங்கள்.

கல்லிடை_மாமி

அந்த மாயைக்கு சுகர் மாத்திரை யார் கொடுப்பார்கள் தம்பி?

கிரிவலக்காரன்

அரைச்சாமி சார், நீங்கள் ரமணரை இழுத்ததால் வருகிறேன். "உதறிவிட்டுப் போனார்" என்பது பாதிக் கதை. மீதிப் பாதி அவர் பின்னாலேயே மலையேறி வந்தது.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் சித்தப்பா வீடு. செய்த தப்புக்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை எழுதியவர் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசுவாமி, இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். அண்ணன்கள் தம்பிகளைத் தினமும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு அது தைத்துவிட்டது. அதாவது, வீட்டை விட்டுக் கிளம்பவே வீட்டு ஆள் ஒருவரின் சொல் தேவைப்பட்டிருக்கிறது. அப்புறம் வழிச்செலவுக்குப் பணம்? அதுவும் அண்ணன் காலேஜ் சம்பளம் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயிலிருந்துதான். மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டைக் கடிதத்தோடு வைத்தார். சித்தி சோறு போட்டு அனுப்பினாள், இவன் எங்கே போகிறான் என்று தெரியாமலே.

போகிற வழியிலும் பாருங்கள். கையில் காசில்லாமல் நடந்து கீழூர் வந்து சேர்கிறார். அங்கே முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் சாப்பாடு. காதில் போட்டிருந்த கடுக்கனை அடகு வைத்து அவரிடம் நாலு ரூபாய் வாங்குகிறார். கோகுலாஷ்டமி சமயம். அந்த வீட்டு அம்மாள் கிருஷ்ணனுக்குப் படைக்கும் முன்பே பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தாள். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. தனியாகப் போனார் என்கிறோம். எத்தனை பேர் கை அந்தப் பையனைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

பழையபேப்பர்

கிரிவலக்காரன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் கடிதம் 'நான்' என்று தொடங்கி, நடுவில் 'இது' என்று மாறி, கையெழுத்துப் போடும் இடத்தில் வெறும் கோட்டோடு முடியும். இதை எல்லாரும் சிலாகிப்பார்கள். நான் சிலாகிப்பது வேறு வரியை. 'உன் காலேஜுக்குச் சம்பளம் இன்னும் கட்டவில்லை. ரூபா 2 இதோடுகூட இருக்கிறது.' தன் பெயரையே விட்டுவிட்டவர் அண்ணனின் ஃபீஸ் கணக்கை விடவில்லை. கணக்குக் கொடுத்துவிட்டுப் போவதை உதறுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிரிவலக்காரன்

சரியாகச் சொன்னீர்கள் ஐயா.

இப்போது அம்மா கதைக்கு வருகிறேன். 1898 டிசம்பரில் ரமணரின் அம்மா அழகம்மாள் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலை வந்தார். ரமணர் அப்போது பவழக்குன்றில் இருந்தார். சடைமுடி, அழுக்கு, கோவணம். நாள் கணக்கில் போய்ப் போய்க் கெஞ்சி அழுதார். மகன் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பச்சையப்பப் பிள்ளை என்பவர் மனசு தாங்காமல், எழுதியாவது காட்டுங்கள் என்று தாளும் பென்சிலும் கொடுத்தார். அவரவர் பிராரப்தப்படிதான் (முன்வினைப் பயன்படிதான்) நடக்கும், நடவாதது என்ன முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நிற்காது, ஆகவே மௌனமாய் இருப்பது நன்று. இதுதான் அவர் எழுதியதன் சாரம். அம்மா திரும்பிப் போனார்.

1916-இல் அதே அம்மா தங்கிவிடுவதாக வந்தார். அம்மா வந்தால் பகவான் வேறெங்காவது போய்விடுவாரோ என்று பக்தர்களுக்கே பயம். அவர் போகவில்லை. விரூபாட்ச குகையிலிருந்து கந்தாசிரமத்துக்கு மாறியதும் அம்மா அடுப்பு மூட்டினார். அதுவரை பிச்சை எடுத்துச் சாப்பிட்ட கூட்டத்துக்குச் சமையலறை என்று ஒன்று வந்தது. கடைசித் தம்பியும் வந்து சேர்ந்து நிரஞ்சனானந்த சுவாமி ஆனார். மதுரையில் விட்ட வீடு மலைமேல் மறுபடி கட்டிக்கொண்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1922 மே 19, அம்மாவின் கடைசி நாள். காலையிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை வலக்கையை அம்மாவின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்து உட்கார்ந்திருந்தார். உயிர் அடங்கிய பிறகுதான் எழுந்தார். தீட்டு இல்லை, சாப்பிடலாம் என்றார். யாரோ 'இறந்துவிட்டார்' என்றபோது, 'அடங்கிவிட்டார்' என்று திருத்தினார்.

வெள்ளிமணி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது என் அப்பா இதே தேடலுக்காக வீட்டை விட்டுப் போனார். கடிதம் இல்லை, இரண்டு ரூபாய் இல்லை. சைக்கிள் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கொஞ்ச நாள் ஓர் ஆசிரமத்தில் இருந்தார் என்று கேள்விப்பட்டு அம்மா போய்க் கேட்டாள். அப்படி யாரும் இல்லை என்றார்கள். அவ்வளவுதான்.

அம்மா கடைசி வரை ரேஷன் கார்டில் அவர் பெயரை எடுக்கவில்லை. எடுக்க இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். எங்கே போய் வாங்குவது? பள்ளி விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் நான் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொன்று எழுதினேன். இப்போதும் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனால் 14 கிலோமீட்டரும் மலையைப் பார்க்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் காவி வேட்டிக்காரர்களின் காதுகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். அப்பாவுக்கு இடது காது மடலில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. முகம் மறந்துவிட்டது.

கிரிவலக்காரன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'அம்மா திரும்பிப் போனார்' என்று ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த பத்தியில் 1916-க்குப் போய்விட்டீர்கள். நடுவில் பதினெட்டு வருஷம். கணவர் 1892-லேயே போய்விட்டார். பவழக்குன்றுக்குக் கூட வந்த மூத்த மகன் 1900-இல் இறந்துபோனார். அந்தப் பெண் எந்த வீட்டில், யார் கையை எதிர்பார்த்து, என்ன சாப்பிட்டு இருந்தாள்? ஞானிகளின் கதையில் அம்மாக்கள் இரண்டு தடவைதான் வருவார்கள். ஒன்று அழுவதற்கு. இன்னொன்று முக்தி அடைவதற்கு.

கல்லிடை_மாமி

வெள்ளிமணி, என்ன சொல்வதென்று தெரியவில்லை குழந்தே. உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

சும்மாயிரு_77

மேலே நான் எழுதியதை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது என்கிறது. மன்னிக்கவும்.

கிரிவலக்காரன்

கோபம் இல்லை தங்கச்சி. நீங்கள் சொன்னது உண்மை. இருபது வருஷமாக இந்தக் கதையைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள் கூட நின்றதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், சமாதானமாக இல்லை. 1914-இல் அழகம்மாள் பார்க்க வந்த இடத்தில் டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலில் விழுந்தார். 1898-இல் 'நடப்பது தடுத்தாலும் நிற்காது' என்று எழுதிக்கொடுத்த அதே கை, இப்போது அம்மாவின் காய்ச்சலைத் தணிக்கும்படி அருணாசலத்தை வேண்டிப் பாட்டு எழுதியது. பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடையும் செய்தார்.

பழையபேப்பர்

வேதாந்தப்படி இதில் முரண்பாடு இல்லை. பிராரப்தம் என்பது...

கிரிவலக்காரன்

ஐயா, முரண்பாடு இருந்துவிட்டுப் போகட்டுமே. எனக்கு அந்த இடத்தில்தான் அவரைப் பிடிக்கிறது.

பழையபேப்பர்

சரி, வேதாந்தத்தை விட்டேன். வேறொரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் கதைகளில் ஓரத்தில் நிற்பவர்தான்.

ரமணரின் சீடர் காவ்யகண்ட கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சி. 1917 வாக்கில் முனிவர் ரமணரிடம் கேட்ட கேள்விகள்தான் ரமண கீதையாக வந்தன. அதில் ஓர் அத்தியாயம் விசாலாட்சி சார்பில் கேட்டது. பெண் பக்குவப்பட்டால் வீட்டை விட்டுத் துறவு கொள்ள சாஸ்திரத் தடை உண்டா? ஜீவன் முக்தியில், அதாவது உயிரோடு இருக்கும்போதே முக்தியில் நின்ற பெண் இறந்தால் உடலை எரிப்பதா, புதைப்பதா? தடை எதுவும் இல்லை என்றார் ரமணர். ஞானத்தில் ஆண் பெண் பேதம் கிடையாது, ஆகவே அப்படிப்பட்ட பெண்ணின் உடலை எரிக்கக்கூடாது, அடக்கம் செய்ய வேண்டும் என்றார்.

ஐந்து வருஷம் கழித்து அழகம்மாள் போனபோது இந்தப் பதில்தான் கை கொடுத்தது. எரிக்கவில்லை. மலையின் தென்புறம் அடிவாரத்தில் பாலி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் சமாதி வைத்தார்கள். ரமணர் கந்தாசிரமத்திலிருந்து இறங்கி அங்கே வந்து போய்க்கொண்டிருந்தார். அந்த டிசம்பரில் ஒரு நாள் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். சமாதியைச் சுற்றி முதலில் ஓலைக் கொட்டகை, அப்புறம் ஒவ்வொன்றாகக் கட்டடங்கள். அதுதான் இன்றைய ரமணாசிரமம். சமாதி மேல் மாத்ருபூதேசுவரர் கோயில், 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம். ஒரு மனைவி கேட்க நினைத்த கேள்வியும் ஒரு தாயின் உடலும் இல்லாவிட்டால் நாம் போய் உட்கார அந்த இடம் இருந்திருக்காது.

நல்லூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் தாய், தமையன் என்று கதைக்கிறீர்கள். குரு என்பதும் ஓர் உறவுதானே. எங்கள் பக்கத்தில் அது அவ்வளவு இனிப்பான உறவாக இருந்ததில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமி முதலில் கிளிநொச்சியில் களஞ்சியப் பொறுப்பாளராக உத்தியோகம் பார்த்தவர். நல்லூர்த் தேரடியில் அவருடைய குரு செல்லப்பா சுவாமியைச் சனங்கள் விசரன் (பைத்தியக்காரன்) என்று ஒதுக்கி வைத்திருந்த காலம். யோகர் கிட்டப் போனதும் செல்லப்பர் போட்ட சத்தம், 'யாரடா நீ?' உங்கள் 'நான் யார்' விசாரம்தான், ஆனால் எங்களுக்கு அது ஏச்சாக வந்தது. அதற்குப் பிறகும் கிட்ட வரவிட்டு அணைத்துக்கொண்ட குரு இல்லை அவர். ஏசித் துரத்துகிற ஆள். அந்த ஏச்சிலிருந்து யோகர் எடுத்துத் தந்த ஒரு வசனத்தை இன்றைக்கும் எங்கள் வீடுகளில் சொல்வோம்: 'ஒரு பொல்லாப்பும் இல்லை.' சண்டைக் காலத்தில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருந்துகொண்டு என் அம்மம்மா இதைச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

அரைச்சாமி அண்ணை, உங்கள் அம்மா கதவைத் தட்டிக் கேட்பதும் ஒரு வகையில் அந்தத் தேரடிச் சத்தம்தானோ என்று நினைத்தேன்.

வெள்ளிமணி

அப்படிச் சொல்வது அழகாக இருக்கிறது அண்ணா. ஆனால் அந்த அம்மா ஞான உபதேசம் செய்ய வரவில்லை. பால் வந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்.

நல்லூரான்

ஓம், அதுவும் சரிதான்.

கல்லிடை_மாமி

நான் படித்தவள் இல்லை, எனக்குத் தெரிந்தது அப்பளம். கல்லிடைக்குறிச்சி என்ற ஊர்ப் பெயரைப் பார்த்தாலே தெரியுமே.

அழகம்மாள் ஒரு நாள் அப்பளம் இட உட்கார்ந்து, கூட வந்து கை கொடு என்று மகனைக் கேட்டிருக்கிறாள். அவர் கை கொடுக்காமல் ஒரு பாட்டைப் பாடிக் கொடுத்தார். அப்பளப் பாட்டு. (எல்லா ஆம்பிளைகளும் இப்படித்தான், நகர்ந்துவிடுகிறேன்.) அதில் 'தான்' என்கிற அபிமானம்தான் உளுந்து. அதை 'நான் யார்' என்ற திரிகையில் போட்டு உடைக்க வேண்டும். சீரகம் மிளகுக்குச் சம தமம் (மன அடக்கம், புலனடக்கம்), உப்புக்கு உபரதி (ஆசைகளிலிருந்து விலகி நிற்பது) என்று ஒவ்வொன்றாகப் போகும். என்னைப் பிடித்து நிறுத்தியது பிரண்டை. பிரண்டை ரசத்துக்கு அவர் வைத்தது சத்சங்கம்.

பிரண்டையைக் கையால் தொட்டிருக்கிறீர்களா? அரிப்பு என்றால் அப்படி ஒரு அரிப்பு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் நறுக்குவோம். ஆனால் அந்தச் சாறு விட்டுப் பிசைந்தால்தான் அப்பளம் நன்றாகப் பொரியும். சத்சங்கம் என்றதும் ஊதுவத்தி வாசனையும் வெள்ளை வேட்டியும்தான் நமக்கு ஞாபகம் வரும். அவருக்குப் பிரண்டை ஞாபகம் வந்திருக்கிறது. சமையல் தெரிந்தவர், தெரியாமல் வைத்திருக்க மாட்டார். பாட்டில் அரிப்பைப் பற்றி ஒன்றும் கிடையாது, அது என் சொந்தச் சரக்கு.

என் மாமியாரோடு முப்பத்தொரு வருஷம் ஒரே அடுப்படி. அவர் எனக்குப் பிரண்டை. அவருக்கு நான். யாருக்கு ஞானம் வந்தது என்று கேட்காதீர்கள், கை மட்டும் நன்றாகக் காய்த்துப்போயிற்று.

கிரிவலக்காரன்

மாமி, எத்தனையோ தடவை அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன், பிரண்டை அரிக்கும் என்று தோன்றவே இல்லை. அவர் அம்மாவைச் சும்மா விடவும் இல்லை. ஆசாரக்காரி ஆயிற்றே, வெங்காயம் ஆகாது. இவர் கேலி செய்வார்: அதோ வெங்காயம், ஜாக்கிரதை, மோட்சத்துக்குப் பெரிய தடை! மற்றவர்களோடு பேசிவிட்டு அம்மாவோடு மட்டும் பேசாமல் இருப்பார். அம்மா குறைப்பட்டால், எல்லாப் பெண்களும் எனக்கு அம்மாதான், நீ மட்டுமா என்பார். எனக்கு முன்னெல்லாம் இது கொடுமையாகத் தெரியும். பாசத்தை வெட்டவில்லை, அதிலிருந்த 'என்' என்பதைத்தான் சுரண்டி எடுத்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. வெள்ளிமணி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

வெள்ளிமணி

ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கூட இருந்து கேலி செய்தார். அது வித்தியாசம்தான். கூட இருக்கிறவர்தானே கேலி செய்ய முடியும்.

எச்சம்மாள் கதை எனக்குப் பிடிக்கும். கணவனும் குழந்தைகளும் அடுத்தடுத்துப் போய், 1906-இல் ரமணரிடம் வந்தவர். தினமும் சோறு சமைத்து மலைக்கு எடுத்துப் போனார், 1945-இல் கண் மூடும்வரை ஏறக்குறைய 38 வருஷம். எடுத்து வளர்த்த பெண் செல்லம்மாளும் இறந்தபோது, அந்தப் பெண்ணின் கைக்குழந்தையைக் கொண்டுபோய் ரமணர் கையில் கொடுத்தார். குழந்தைக்கும் ரமணன் என்றுதான் பெயர். அதை வாங்கிக்கொண்டு அவர் கண்ணீர் விட்டார். தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. என் அப்பா எங்கே இருந்தாலும் இப்படி யாருக்காகவாவது ஒரு தடவை அழுதிருந்தால் போதும் என்று நினைப்பேன். சில நாள் போதாது என்றும் நினைப்பேன்.

அரைச்சாமி

நாலு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். யாருக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. வெள்ளிமணி எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "நீங்க ஓடிப்போகலாம்னு நினைச்சீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பொய்தான். அவளுக்கும் தெரியும்.

அம்மா கேட்கிற பால்காரன் யார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஊரிலிருந்து பெரியம்மா போனில் சொன்னாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவுக்குப் பால் கட்டிவிட்டதாம். விடியற்காலை வாசலில் நின்று பால்காரனுக்காகக் காத்திருப்பாளாம், நான் அழுது முடிப்பதற்குள் வரவேண்டுமே என்று.

இன்றைக்கு நாலரைக்கு எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போடாமல் அடுப்படியில் உட்கார்ந்தேன். தட்டுவதற்குக் கதவு இல்லாததால் நேரே வந்தாள். பால்காரன் வந்துவிட்டான் என்றேன். "சரி" என்று பக்கத்தில் உட்கார்ந்து, கூடையிலிருந்த சின்ன வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். நானும் உரித்தேன். விசாரம் எதுவும் நடக்கவில்லை, கண் எரிந்தது. ஆறு மணி வாக்கில், எந்த ஊர்ப் பையன் நீ என்று கேட்டாள்.

வெள்ளிமணி

அரைச்சாமி சார், அவர் அறையிலிருந்து அடுப்படி வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இருட்டில் வாசற்படி தடுக்கி விழுந்துவிடுவார்கள். என் அம்மா அப்படித்தான் விழுந்தாள்.